நோராவைப் பற்றிக் கட்டுரை: எங்கே தொடங்குவது?

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவி)

வணக்கம். இளங்கலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் வரும் நோராவின் குணச்சித்திரத்தை 1500 சொற்களில் எழுத வேண்டும். “விளையாட்டுப் பெண்ணாக இருந்தவள் கடைசியில் விழித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள்” என்று எழுதினேன். அரைப் பக்கத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. ஆசிரியர் படித்துவிட்டு, இது கதைச்சுருக்கம்தான் என்றார். மூன்று தடவை படித்தும் ஒரு சந்தேகம் தீரவில்லை. அணிலே, வானம்பாடியே என்று கணவன் கொஞ்சும்போது சிரிக்கிறவளும், மூன்றாம் அங்கத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவளும் ஒரே பெண்தானா?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியை)

அந்தச் சந்தேகம்தான் அம்மா உங்கள் கட்டுரை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாடகத்தை வகுப்பில் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: “விழித்துக்கொண்டாள்” என்ற வாக்கியம் ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாள் கட்டில் பாதியில் இருக்கும். அதில் நோரா இருக்கமாட்டாள்.

நல்லவள், வெகுளி, ஊதாரி என்ற சொற்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். திரை விலகியதும் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுமந்து வந்தவனுக்குக் கேட்டதைப்போல் இரண்டு மடங்கு கூலி கொடுக்கிறாள். கணவன் தின்னக்கூடாது என்று தடுத்த மக்ரூன் என்ற இனிப்பைப் பையிலிருந்து எடுத்துத் தின்கிறாள். கணவன் வருமுன் வாயைத் துடைத்துக்கொள்கிறாள். மிட்டாய்க்கடைக்குப் போனாயா என்று அவன் கேட்டால், இல்லவே இல்லை என்கிறாள்.

இனி நான் எப்போதும் நின்று நடத்திய இடம். போன கிறிஸ்துமஸுக்கு முன் மூன்று வாரம் இரவெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு மரத்துக்குக் காகிதப் பூ செய்தாயே, அதைப்போல் அலுப்பான நாட்கள் எனக்கு வந்ததே இல்லை என்று கணவன் ஹெல்மர் சொல்வான். பூனை புகுந்து எல்லாவற்றையும் குதறிவிட்டதே, நான் என்ன செய்ய முடியும் என்பாள் அவள். சில பக்கம் தள்ளித் தோழி கிறிஸ்டீனாவிடம் வேறு கதை வருகிறது: போன குளிர்காலத்தில் நகலெடுக்கும் வேலை நிறையக் கிடைத்தது, அறையைப் பூட்டிக்கொண்டு நள்ளிரவு வரை எழுதினேன், களைத்துப்போனாலும் உழைத்துச் சம்பாதிப்பது எவ்வளவு இன்பம், ஆண்பிள்ளையைப்போல் இருந்தது என்கிறாள். இரண்டையும் அருகருகே வையுங்கள். பூட்டிய கதவு ஒன்றுதான். பூனையின்மேல் பழி போட்டாயிற்று. இந்த முடிச்சை இப்சன் யார் வாயாலும் அவிழ்க்கவில்லை. அதை அவிழ்ப்பதுதான் ஆய்வு.

அடுத்தது கடன் பத்திரம். நோயுற்ற கணவன் உயிரைக் காக்க இத்தாலி போவதற்கு, அவனுக்குத் தெரியாமல் நோரா வாங்கிய 4800 குரோன் கடன் அது. அதற்கு ஈடு நின்ற நோராவின் அப்பா இறந்தது செப்டம்பர் 29. அவர் கையெழுத்துக்கு உரிய தேதி அக்டோபர் 2. கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் இதைக் காட்டிவிட்டு, தேதியை வேறு யாராவது நிரப்பியிருக்கலாம், கையெழுத்து அவர் போட்டதுதானே என்று தப்பிக்க வழியும் விடுகிறான். நோரா சற்று மௌனமாக இருக்கிறாள். பிறகு தலையை நிமிர்த்தி, அப்பாவின் பெயரை எழுதியது நான்தான் என்கிறாள்.

மக்ரூனுக்குப் பொய் சொன்னவள் இதற்கு ஏன் சொல்லவில்லை? எனக்குத் தோன்றுவது: தன் வாழ்வில் தானே முடிவெடுத்துச் செய்த ஒரே பெரிய காரியம் அது, அதை இன்னொருவர் பெயரில் விட அவளுக்கு மனம் வரவில்லை. மூன்றாம் அங்கத்துப் பெண் முதல் அங்கத்திலேயே நிற்கிறாள். நீங்கள் வேறு விடை சொல்லலாம். ஆனால் கேள்வியை விடாதீர்கள்.

பதில் (நாடகக் குழு நடிகர்)

ஹெல்மராக நடித்திருக்கிறேன். அவனைக் கொடியவன் ஆக்கிவிட்டால் உங்கள் நோராவும் மெலிந்துவிடுவாள். கையெழுத்து விஷயத்தை முதல் கடிதத்தில் ஹெல்மருக்கு அம்பலப்படுத்திய குரோக்ஸ்டாட்டின் இரண்டாவது கடிதத்தோடு கடன் பத்திரம் திரும்பி வந்ததும் “நான் பிழைத்தேன்” என்று கத்துவான். “நானோ?” என்பாள் அவள். “நீயும்தான்” என்பான். அந்த “நீயும்தான்” என்ற சொல்லை ஒத்திகையில் முதலில் கேலியாகச் சொன்னேன்; காட்சி செத்துவிட்டது. உண்மையான அன்போடு சொன்னபோதுதான் எதிரே நின்ற நடிகையின் முகம் மாறியது. பிறகு நோரா மாறுவேட விருந்துக்குப் போட்டிருந்த உடையைக் களைந்துவிட்டு அன்றாட உடையில் வந்து மேசைக்கு எதிரே உட்காருவாள். உடை மாற்றத்துக்கு ஒரு பத்தி கொடுங்கள்.

பதில் (நூலக வாசகர்)

ஒரு தகவல். நாடகம் 1879 டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகனில் அரங்கேறியது. ஜெர்மனியில் முதன்மை நடிகை ஒருவர், குழந்தைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மறுத்தார். பிறர் கைவைப்பதைவிடத் தானே மாற்றுவது மேல் என்று இப்சன் மாற்று முடிவு எழுதிக் கொடுத்தார்: ஹெல்மர் அவளைக் குழந்தைகளின் அறை வாசலுக்கு இழுத்துச் செல்ல, அவள் அங்கேயே சரிந்துவிடுகிறாள். அதை நாடகத்துக்கு இழைத்த காட்டுமிராண்டித்தனம் என்று அவரே வருந்தினார். அந்த முடிவு ஏன் ஒட்டவில்லை என்று யோசித்தாலே நோரா யார் என்பது தெளிவாகும்.

மாணவி

ஆசிரியை அம்மாவுக்கும் மற்ற இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய தாளைக் கிழித்துவிட்டேன். இப்போது முதல் வரி: “நோரா மக்ரூனுக்குப் பொய் சொல்கிறாள்; கையெழுத்துக்குச் சொல்லவில்லை.” பூட்டிய கதவு வரை எழுதி 600 சொற்கள் ஆகிவிட்டன. குழந்தைகளைப் பற்றிய பத்தி மட்டும் நிற்கிறது. பெற்ற பிள்ளையை அந்நியரிடம் கொடுக்க உனக்கு எப்படி மனம் வந்தது என்று இரண்டாம் அங்கத்தில் தாதியிடம் கேட்கிறாளே, முன்பு அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டேன். இன்று இரவு அங்கிருந்து மறுபடி படிக்கப் போகிறேன்.