ஏரியில் காற்று முற்றினால் கரைக்கு ஓடுவதா, நடுநீரில் நிற்பதா?

பாசிர்ரிஸ்_மாறன்

வணக்கம். வேலை மாற்றலாகி ஏப்ரலில் சிக்காகோ போகிறேன், இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அங்கே என்னுடன் வேலை பார்க்கப்போகிறவரிடம் 22 அடி கீல் படகு (அடியில் கனமான நிலைப்புத் தகடு உள்ளது) ஒன்று இருக்கிறது. மெயின் பாய், ஜிப் (முன்பாய்), பின்னால் 4 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். மிச்சிகன் ஏரியில் சேர்ந்து ஓட்டலாம் என்கிறார்.

நான் ஓட்டியதெல்லாம் சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்டிலும் சாங்கியிலும் டிங்கி எனப்படும் சின்னப் பாய்ப்படகுகள்தான். இங்கே எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வது ஒன்றே: மேற்கே வானம் கறுத்தால் உடனே கரைக்குத் திரும்பு. அவரோ, காற்று முற்றிவிட்டால் துறைமுக வாயில் பக்கமே போகாதே, பாயைக் குறைத்துக்கொண்டு நடு ஏரியில் நில் என்கிறார். கடலே இல்லை, ஏரிதானே, அதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு நீரையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சாங்கித்_துடுப்பு

மாறன், உங்கள் பயிற்சியாளர் சொன்னதை விடாதீர்கள். 22 அடிப் படகில் இரண்டு பேர், அதில் ஒருவர் புதியவர். இந்தக் கூட்டணிக்கு நடுநீரில் வேலை இல்லை.

சுமத்ரா காற்று எப்படி வரும் என்று நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ராடார் படத்தில் வில் போல வளைந்த கோடு ஒன்று மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும். ஒரு மணி நேரமாவது அவகாசம் இருக்கும். அதைப் பார்த்த பிறகும் வெளியே நிற்பவருக்குக் காரணம் ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்ற ஆசை. வந்துவிட்டால் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் சாதாரணம். தெங்காவில் 1984 ஏப்ரல் 25 அன்று 144.4 கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது. அந்த வேகத்தில் பாயைக் குறைக்கிறேன் என்று முன்தளத்துக்குப் போகிறவர் தண்ணீரில்தான் இருப்பார்.

முன்கூட்டியே திரும்புங்கள், அவ்வளவுதான். ஏரி என்றால் கரை எல்லாப் பக்கமும் இருக்கிறது, இன்னும் வசதி.

ஒன்டாரியோ_அல்லி

துடுப்பு அண்ணே, கரை எல்லாப் பக்கமும் இருப்பதுதான் ஏரியின் ஆபத்தே. நான் டொரோண்டோவில் இருந்த ஆண்டுகளில் ஒன்டாரியோ ஏரியில்தான் ஓட்டினேன், இப்போது செம்பவாங்கில் இருக்கிறேன். இரண்டும் தெரிந்துதான் சொல்கிறேன்.

முதலில் “ஏரிதானே” என்பதை விட்டுவிடுங்கள், மாறன். மிச்சிகன் ஏரியின் நீளம் 494 கிலோமீட்டர், அகலமான இடத்தில் 190. பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூரைப் போல எழுபதுக்கு மேல் உள்ளே வைக்கலாம். வடக்கிலிருந்து ஒரு நாள் முழுக்கக் காற்றடித்தால் அந்த நீளம் முழுவதும் ஓடிவந்த அலை சிக்காகோவில்தான் வந்து விழும்.

அலையின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அடுத்த அலை எத்தனை விநாடியில் வருகிறது என்று பாருங்கள். ஆழ்நீரில் 10 விநாடி அலைக்கு முகட்டிலிருந்து முகடு 156 மீட்டர். 4 விநாடி அலைக்கு வெறும் 25 மீட்டர். இரண்டுமே 2 மீட்டர் உயரம் என்றாலும் முதலாவதில் படகு ஏறி இறங்கும், இரண்டாவதில் செங்குத்தான நீர்ச்சுவரில் முட்டும். முட்டி நின்ற படகு மறுபடி வேகம் எடுக்கும் முன் அடுத்தது வந்துவிடும். பெருங்கடலில் ஓட்டியவர்கள் ஏரியில் திணறுவது இதனால்தான்.

இப்போது துறைமுக வாயிலை நினைத்துப் பாருங்கள். நீர் ஆழம் குறையும், அலை இன்னும் குறுகி எழும்பி உடையும். சிக்காகோ கரையோரம் நெடுகக் காங்கிரீட் சுவர்கள். அலை அதில் மோதித் திரும்பி எதிரே வரும் அலையோடு சேர்ந்து கொந்தளிக்கும். கிழக்குக் கரையில் பல துறைமுகங்களுக்கு நீண்ட இரண்டு தடுப்புச் சுவர்களுக்கு நடுவே புகுந்து போகவேண்டும், மேற்குக் காற்றில் அது முழுக்கக் காற்று தள்ளும் கரை. அந்த இடத்தில் இன்ஜின் நின்றால் யோசிக்க அரை நிமிடம்கூடக் கிடைக்காது.

பொங்கோல்_பாலா

நன்னீர் கடல்நீரைவிட லேசானது, அதனால்தான் ஏரி அலை செங்குத்தாக எழும்புகிறது என்று கேள்விப்பட்டேன். சரியா அக்கா?

ஒன்டாரியோ_அல்லி

அங்கேயும் பலர் அப்படித்தான் சொல்வார்கள் பாலா, ஆனால் காரணம் அது இல்லை. அடர்த்தி வித்தியாசம் இரண்டரை சதவீதம்தான். காற்று ஓட ஏரியில் கிடைக்கும் தூரம் குறைவு, அடிக்கும் நேரமும் குறைவு. அலை வளர்ந்து நீளும் முன்பே கரை வந்துவிடுகிறது. அதனால் எப்போதும் இளம் அலை, குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். ஈரி ஏரியில் இது இன்னும் மோசம், சராசரி ஆழமே 19 மீட்டர்தான்.

தோப்பாயோ_பெரியவர்

தம்பி மாறன், ஏரிதானே என்று யாரும் சொல்லக்கூடாது. நமக்குப் பக்கத்தில் சுமத்ராவில் தோபா ஏரி இருக்கிறது. 2018 ஜூனில் சினார் பாங்குன் என்ற பயணிகள் படகு அங்கே கவிழ்ந்தது. அளவுக்கு மேல் ஆள், மோசமான வானிலை. 160க்கும் மேற்பட்டவர்கள் கிடைக்கவே இல்லை. ஏரி 500 மீட்டர் ஆழம், எங்கே போய்த் தேடுவது? எங்கள் வீட்டுக்கு எதிரில் இருந்த குடும்பம் அதற்கு முந்தைய மாதம்தான் அங்கே சுற்றுலா போய்வந்தது.

மற்றபடி நான் துடுப்பு பக்கம். பாயை முழுக்க இறக்கு, இன்ஜினைப் போடு, வீட்டுக்கு வா.

சாங்கித்_துடுப்பு

அல்லி, நீங்கள் சொல்லும் வாயில் ஆபத்து தாமதமாகப் போகிறவருக்கு. நான் சொல்வது முதல் கறுப்பு தெரிந்ததுமே திரும்புவது. அப்போது வாயிலில் அலையே இருக்காது.

நடுநீரில் நிற்பது என்று எழுதிவிடலாம், அதைச் செய்யப்போகிற உடம்பைப் பற்றியும் சொல்லுங்கள். இரண்டு பேர். அந்தக் குலுக்கலில் ஒருவருக்கு வாந்தி நிச்சயம். உடம்பெல்லாம் நனைந்திருக்கும். இங்கே தண்ணீர் ஆண்டு முழுக்க 28, 29 டிகிரி, கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே நிமிர்த்துவோம். மே மாதம் மிச்சிகனில் அது பத்து டிகிரிக்கும் கீழே. விழுந்த முதல் நிமிடம் மூச்சே வசப்படாது. அதைத் தாண்டினால் கையும் விரலும் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம் அளவுக்குத்தான். அதன் பிறகு முடிச்சுப் போடமுடியாது, ஏணியைப் பிடிக்கமுடியாது. களைத்துப்போன இருவரை 12 மணி நேரம் அங்கே நிறுத்திவைப்பது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?

ஒன்டாரியோ_அல்லி

குளிரைப் பற்றிச் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. மாறன், அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்தால் நிமிர்த்தலாம் என்ற நம் சாங்கிப் பழக்கம் அங்கே ஜூலைக்கு முன் உயிருக்கு ஆபத்து.

12 மணி நேரம் என்பதில்தான் நான் ஒத்துப்போகவில்லை. இரண்டு வகைக் காற்றைச் சேர்த்துக் குழப்புகிறீர்கள். இடிமழைக் காற்று வேறு, வானிலை முகப்போடு (குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சந்திக்கும் எல்லை) வரும் காற்று வேறு. முதலாவது சுமத்ரா மாதிரி, கடுமையாக அடித்து ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். கணக்குப் போடுங்கள். ஹீவ் டு செய்து (பாயையும் சுக்கானையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்து) நிற்கும் படகு மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு கடல் மைல் நகரும். கரை ஐந்து மைல் தள்ளி இருந்தால் அந்தக் காற்று முழுவதையும் கரையைத் தொடாமலே கடத்திவிடலாம். இரண்டாவது வகை ஒரு நாள் முழுக்க அடிக்கலாம். அப்போது 24 மணி நேரத்தில் முப்பது மைலுக்கு மேல் நகர்ந்துவிடுவீர்கள், சிக்காகோ பக்கம் ஏரியின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த வகைக்கு நானும் உங்கள் கட்சி. அந்த நாளில் கயிற்றையே அவிழ்க்கக்கூடாது. முன்னறிவிப்பில் முந்தைய நாளே வந்துவிடும், சிறு படகு எச்சரிக்கை என்று தனியாக அறிவிப்பார்கள். ஏரியின் தென்பகுதி நடுவில் 45007 என்ற மிதவை இருக்கிறது, காற்றும் அலையும் அதில் உடனுக்குடன் பார்க்கலாம், குளிர்காலத்தில் எடுத்துவிடுவார்கள்.

பாசிர்ரிஸ்_மாறன்

ஹீவ் டு என்பதைப் படித்திருக்கிறேன், செய்ததில்லை. டிங்கியில் ஷீட்டை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) தளர்த்திவிட்டுப் பக்கவாட்டில் நிற்போமே, அது போதாதா?

ஒன்டாரியோ_அல்லி

15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்றில் சாப்பிட நிற்பதற்கு அது சரி. 35 நாட் காற்றில் தளர்ந்த பாய் அடித்தே கிழிந்துவிடும், பூம் (பாயின் அடிக்கட்டை) தலையைப் பார்க்கும், அலையும் பக்கவாட்டில் விழும். பக்கவாட்டில் விழுவதைத்தான் தவிர்க்கவேண்டும். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் போட்டியில் புயலில் 15 பந்தயக்காரர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாதிரிப் படகுகளை வைத்துச் சோதித்ததில், படகு நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் உடையும் அலையே பக்கவாட்டில் பட்டால் சில படகுகளைக் கவிழ்த்துவிடும் என்று தெரிந்தது. உங்கள் 22 அடிக்கு அது 2 மீட்டர் அலை. மிச்சிகனில் 2 மீட்டர் பெரிய விஷயமில்லை.

ஹீவ் டு செய்ய: மெயின் பாயில் ரீஃப் போட்டிருக்கவேண்டும் (பாயின் ஒரு பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைப்பது). ஜிப் ஷீட்டை அவிழ்க்காமல், படகின் அணியம் (முன்முனை) காற்றைக் கடந்து மறுபக்கம் போகும்படி திருப்புங்கள். ஜிப் தப்பான பக்கத்தில் மாட்டிக்கொள்ளும், அதுதான் வேண்டும். டில்லரை (சுக்கானைத் திருப்பும் கம்பு) காற்று போகும் பக்கமாகத் தள்ளிக் கட்டிவிடுங்கள். ஜிப் அணியத்தைக் காற்றை விட்டு விலக்கும், சுக்கான் காற்றை நோக்கித் திருப்பும், இரண்டும் இழுபறியில் நின்று படகு சாய்வாக அலையைப் பார்த்தபடி மெதுவாக நகரும். கீழே உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும் அளவுக்கு அமைதியாகிவிடும். துடுப்பு அண்ணன் சொன்ன களைப்புக்கு இதுவே மருந்து.

சாங்கித்_துடுப்பு

பழைய நீளக் கீல் படகுகளுக்கு அப்படியே பொருந்தும். இப்போதைய, மீன் துடுப்பு போன்ற குறுகிய துடுப்புக் கீல் உள்ளவை எல்லாம் அப்படி நிற்காது. அணியம் அலைந்துகொண்டே இருக்கும், சில முன்னால் ஓடிவிடும். மாறனின் நண்பரின் படகு எந்த வகை என்று நம் இருவருக்கும் தெரியாது.

படகின் வடிவம் சின்ன விஷயமும் இல்லை. 2011 ஜூலையில் இதே மிச்சிகன் ஏரியில், சிக்காகோவிலிருந்து மேக்கினாவுக்குப் போகும் போட்டியில், இரவில் வந்த இடிமழைக் காற்றில் விங்நட்ஸ் என்ற 35 அடிப் படகு கவிழ்ந்தது. எட்டுப் பேரில் இரண்டு பேர் இறந்தார்கள், மற்ற ஆறு பேரை இன்னொரு போட்டிப் படகு மீட்டது. அனுபவசாலிகள்தான். இரு பக்கமும் இறக்கை மாதிரி அகன்ற தளம் கொண்ட அந்தப் படகு கவிழ்ந்த பிறகு நிமிரவே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கே அது நடந்தது. புதியவரிடம் நில் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்டாரியோ_அல்லி

அந்தப் போட்டியில் நூற்றுக்கணக்கான படகுகள் இருந்தன. அதே காற்றை நடுநீரில் வாங்கிக்கொண்டு, பாயை இறக்கி அல்லது குறைத்து, பத்திரமாகக் கரை சேர்ந்தவையே மிகப் பெரும்பாலானவை. அந்தப் படகின் குறை அதன் வடிவத்தில் இருந்தது, நடுநீரில் இருந்ததில் இல்லை.

நிற்குமா நிற்காதா என்பதை 12 நாட் காற்றில் ஒரு வெயில் நாளில் சோதித்துவிடலாம். நிற்காத படகானால் ஜிப்பைச் சுருட்டிவிட்டு, ஆழமாக ரீஃப் போட்ட மெயின் பாயோடு மட்டும் காற்றை ஒட்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருங்கள். கையில் சுக்கான் இருக்கவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தோப்பாயோ_பெரியவர்

பாயே வேண்டாம் என்கிறேன், இன்ஜினை மறந்துவிட்டீர்களா?

ஒன்டாரியோ_அல்லி

ஐயா, பின்பலகையில் தொங்கும் 4 குதிரைத்திறன் அவுட்போர்டு அது. 4 விநாடி அலையில் படகின் வால் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் புரொபெல்லர் நீருக்கு வெளியே வந்து காற்றைச் சுழற்றும். தள்ளுவிசை தேவைப்படும் நொடியில்தான் அது இருக்காது. அலை இன்ஜின் தலைமேல் ஏறி அணைத்தும் விடலாம். பாய் முழுக்க இறங்கிய நேரத்தில் அது நின்றால் படகு பக்கவாட்டில் உருளும் கட்டைதான்.

பொங்கோல்_பாலா

ஒரு இடைச்செருகல். இடி மின்னலைப் பற்றி யாரும் பேசவில்லை. சிங்கப்பூரில் ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி நாள் எங்கேயாவது இடி இருக்கிறது. அலுமினியப் பாய்மரத்தோடு ஏரி நடுவில் நிற்பதைவிடக் கரைக்கு ஓடுவது சரி என்று எனக்கே தோன்றுகிறது. டிங்கி ஓட்டுபவர்களுக்கு இதில் இரண்டு பேச்சே இல்லை.

சாங்கித்_துடுப்பு

சரியான நேரத்தில் சொன்னீர்கள் பாலா. இன்னொன்று, மாறன் இங்கே இருக்கும்வரை அல்லி சொல்வதை இங்கே முயலவேண்டாம். ஈஸ்ட் கோஸ்டுக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள், அதைத் தாண்டினால் கப்பல் பாதை. உபின் பக்கம் போனால் தெக்கோங் தடை நீர். நீரோட்டமும் இழுக்கும். மழையில் நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாதபோது நகர்ந்துகொண்டே நிற்க இங்கே இடம் கிடையாது.

ஒன்டாரியோ_அல்லி

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். சாங்கியில் நானும் முதல் கறுப்பிலேயே திரும்புகிறேன். இங்கே காற்று போகும் பக்கத்தில் இருப்பது கப்பல், அங்கே இருப்பது திறந்த நீர். அதனால்தான் பதில் மாறுகிறது.

பாசிர்ரிஸ்_மாறன்

இருவருக்கும் நன்றி. நண்பரிடம் கேட்டுவிட்டேன். துடுப்புக் கீல், மெயினில் இரண்டு ரீஃப், ஆனால் ரீஃப் கயிறு காக்பிட்டுக்கு (ஓட்டுபவர் உட்காரும் இடம்) வராது, பாய்மரத்தடிக்குப் போய்த்தான் போடவேண்டும். அவுட்போர்டு குட்டை ஷாஃப்ட், புரொபெல்லர் ஆழமாக இறங்காது. கரை அரை மைலில் இருக்கும்போது காற்று பிடித்துவிட்டால்? அப்போது அக்கா சொல்லும் ஐந்து மைலும் இல்லை, துடுப்பு அண்ணன் சொல்லும் ஒரு மணி நேரமும் இல்லை.

ஒன்டாரியோ_அல்லி

காற்று கரையிலிருந்து ஏரியை நோக்கி அடித்தால் உள்ளே போங்கள், கரையோரம் அலை இருக்காது. ஏரியிலிருந்து கரைக்கு அடித்தால் முதல் ஐந்து நிமிடத்தில் எவ்வளவு வெளியே போகமுடியுமோ போங்கள். ரீஃபைக் காற்று வருமுன் போட்டுவிடுங்கள், அந்த அமைப்பில் வந்த பிறகு போடமுடியாது.

சாங்கித்_துடுப்பு

கரைக்கு அடிக்கும் காற்றானாலும், அலை எழும்ப இருபது நிமிடமாவது ஆகும், அதற்குள் அரை மைல் போய்விடலாம். நான் உள்ளேதான் போவேன். ஆனால் குட்டை ஷாஃப்டை நம்பாதீர்கள். இரண்டாவது ரீஃபோடு மெயின் பாய் மேலேயே இருக்கட்டும், இன்ஜினும் ஓடட்டும், தடுப்புச் சுவரைத் தாண்டி அமைதியான நீருக்குள் வந்த பிறகு பாயை இறக்குங்கள். முன்தளத்துக்குப் போகிறவர் இடுப்புக் கயிற்றைப் படகோடு மாட்டாமல் போகக்கூடாது.

ஒன்டாரியோ_அல்லி

கடைசி இரண்டு வரியும் என்னுடையதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவதா என்பதில் நாங்கள் ஒத்துப்போகப் போவதில்லை. மாறன், ரீஃப் கயிறுகளைக் காக்பிட்டுக்குக் கொண்டுவர இரண்டு கப்பியும் இரண்டு பிடிப்பானும் போதும். ஏப்ரலில் படகு தரையில் இருக்கும்போதே நண்பரிடம் சொல்லிச் செய்துவிடுங்கள்.