காலப் பயண நாடகம் பார்த்தவர்கள், போட்டவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் நடித்தவன் இல்லை, விளக்குப் போட்டவன். எங்கள் குழு போட்ட நாடகத்தின் கதை எளிது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன், அவர் இறந்தபின் அந்தச் சாயங்காலத்துக்கே திரும்பிப் போகிறான். நிபந்தனை ஒன்றுதான்: என்ன செய்தாலும் நடந்தது மாறாது.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஜப்பானின் தொஷிகாசு கவாகுச்சி, இறந்தகாலத்துக்குப் போனவர் காபி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கதையை முதலில் மேடைக்குத்தான் எழுதினார். 2015இல்தான் அது நாவலானது. அங்கேயும் இறந்தகாலத்துக்குப் போகலாம், நிகழ்காலம் மட்டும் அசையாது. "அப்புறம் எதுக்குப் போகணும்?" என்று ஒத்திகையில் எல்லாரும் கேட்டோம். "போட்டுப் பாருங்க" என்றார் இயக்குநர்.

ஆரம்பத்தில் புகை, விட்டுவிட்டு எரியும் விளக்கு எல்லாம் வைத்திருந்தோம். ஒவ்வொன்றாக வெட்டினார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: மகனாக நடித்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார், நான் வெள்ளை வெளிச்சத்தை மெல்ல மஞ்சளாக்குவேன், அப்பா செய்தித்தாளை மடிப்பார். முப்பது வருஷம் பின்னால் போயாச்சு. சினிமாவில் இதற்கு வேறு முகம் தேடுவார்கள். மேடையில் அதே ஐம்பது வயது உடம்பு தோளை நிமிர்த்தினால் போதும், ஜனம் நம்பிவிடுகிறது.

மகன் மன்னிப்புக் கேட்பான் என்று அரங்கமே காத்திருக்கும். அவன் கேட்பதில்லை. பழைய சண்டையை வார்த்தை பிசகாமல் மறுபடி போடுகிறான். ஆனால் இந்தத் தடவை அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறான். கத்திக்கொண்டிருக்கும்போதே, ஏற்கெனவே மடித்த தாளை மறுபடி மறுபடி மடிக்கிற கை. லேசாக நடுங்குகிறது. என் வேலை அந்த இடத்தில் முகத்தை இருட்டாக்கிக் கையில் மட்டும் வெளிச்சம் விடுவது.

முடிந்ததும் ஒரு பெரியவர் நேராக விளக்கு மேஜைக்கு வந்தார்.

"தம்பி, அந்தக் கை முதல் சீன்லயும் நடுங்கிச்சா?"

"ஆமாங்க ஐயா. அப்ப வெளிச்சம் வேற பக்கம் இருந்துச்சு."

"நடுங்கிச்சுல்ல? அது போதும்" என்று கிளம்பிவிட்டார். ஏன் கேட்டார் என்று சொல்லவில்லை.

*

நான் பார்த்தது ஆங்கில நாடகாசிரியர் ஜே. பி. பிரீஸ்ட்லியின் 'டைம் அண்ட் தி கான்வேஸ்'. 1937இல் வந்த நாடகம். இயந்திரம், நிபந்தனை எதுவும் கிடையாது. முதல் அங்கம் 1919, கான்வே குடும்பத்து மகள் ஒருத்தியின் 21ஆவது பிறந்தநாள் விருந்து. இரண்டாவது 1937: பணம் கரைந்து, ஒருவரையொருவர் குத்திக் கிழிக்கும் அதே குடும்பம். மூன்றாவதில் மறுபடி அதே விருந்து இரவு. பயணம் போவது அவர்கள் அல்ல, நாம்தான். கடைக்குட்டி கரோல் வாழ்க்கையில் என்னென்ன செய்யப்போகிறேன் என்று சந்தோஷமாக அடுக்குகிறாள். அவள் இளவயதிலேயே போய்விட்டாள் என்பது இரண்டாம் அங்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த பெண்மணி "போதும்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை.

*

எனக்கு இந்த வகை நாடகங்களோடு ஒரு தகராறு உண்டு. நான் பார்த்த ஒன்றில் நாயகி ஒரே ஒரு தடவை பின்னால் போய்விட்டு வந்து, திருந்தி, கண்ணில் பட்டவரையெல்லாம் கட்டிப்பிடித்தாள். பல வருஷத்து வன்மம் இடைவேளைக்கும் திரை விழுவதற்கும் நடுவில் தீர்ந்துவிடுமா? திருந்திய மனுஷி மறுநாள் காலையில் அதே பழைய எரிச்சலோடு எழுந்திருப்பதைக் காட்டியிருந்தால் நம்பியிருப்பேன்.

கூட வந்த தங்கை ஒரே அழுகை. வெளியே வந்ததும் "சுத்த மோசம்" என்றேன். "நீ யார்கூடயும் பேசாம இருந்ததே இல்லையேண்ணா, உனக்கு எங்க புரியப்போகுது?" என்றாள். சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டிப்பிடிக் காட்சியைத் தூக்கியிருக்க வேண்டும்.