உதவி: அர்ஜெந்தோ படத்தில் உதடும் ஒட்டல, சப்டைட்டிலும் ஓடிப்போகுது

இரவுப்பறவை:
வணக்கம். இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோவின் 'நோன் ஓ சொன்னோ' (Non ho sonno, 2001), மேக்ஸ் வான் சிடோ ரிடையரான போலீஸ் அதிகாரி மொரெட்டியா வருவாரே, அந்தப் படம். என்கிட்ட இருக்கற டிஸ்க்கில் இத்தாலியன் ஆடியோ மட்டும்தான். இங்கிலீஷ் சப்டைட்டிலைத் தனி ஃபைலா சேர்த்து விஎல்சி வீடியோ பிளேயரில் ஓட்டறேன். மொரெட்டி பேசும்போது உதடும் குரலும் ஒட்டவே மாட்டேங்குது. சப்டைட்டில் ஆரம்பத்தில் சரியா இருந்து, போகப்போக வசனத்துக்கு முன்னாடியே வந்துடுது. சப்டைட்டிலைத் தாமதமாக்கற ஹெச் கீயை அழுத்தி நேராக்கினா அஞ்சு நிமிஷத்துல மறுபடி பத்து செகண்டுக்கு மேல விலகல். அப்பாவோட பார்க்கறேன். அவருக்குக் காது மந்தம், சப்டைட்டில்தான் துணை. டூரின்ல நடந்த பழைய கேஸை மொரெட்டி ஞாபகப்படுத்த நெற்றியைச் சுருக்கும்போதே பதில் கீழே வந்து நிக்குது. கொலைகாரனைத் தேடற படத்துல இதைப் பொறுத்துக்க முடியல.

குமரன்77:
ஜே, கே அழுத்திப் பாருங்க. ஒரு தடவைக்கு 50 மில்லிசெகண்ட் ஆடியோ நகரும்.

இரவுப்பறவை:
நகர்த்தினேன் தம்பி. உதடு சேரல, இப்ப கதவு சாத்தின பிறகு சத்தம் வருது.

பழையரீல்:
ஆடியோவைப் பூஜ்ஜியத்துக்கே கொண்டுவந்துடுங்க சார், அதுல கோளாறே இல்ல. கதவுச் சத்தம், ரயில் சத்தம் எல்லாம் சரியா விழுந்து உதடு மட்டும் ஒட்டலன்னா அது டப்பிங். இத்தாலியில் ரொம்ப காலம் வசனத்தைப் படப்பிடிப்பு முடிஞ்ச பிறகுதான் பதிவு பண்ணிட்டிருந்தாங்க. வேற வேற நாட்டு நடிகர்கள் ஒரே காட்சியில் நிப்பாங்க. வான் சிடோவே ஸ்வீடன்காரர். இத்தாலிய இயக்குநர் ஃபெலினி சில நடிகர்களை வசனத்துக்குப் பதிலா எண்களைச் சொல்லவெச்சே படம் எடுத்திருக்கார். அதனால உதட்டைப் பார்க்காம அந்தக் கண்ணைப் பாருங்க. மறதியோட மல்லுக்கட்டற கிழவரை அவர் கண்ணாலேயே நடிச்சிருப்பார்.

சப்டைட்டில்தான் நிஜமான பிரச்சினை. உங்க படத்தோட மொத்த நீளம் 1 மணி 57 நிமிஷமா, 1.52ஆ?

இரவுப்பறவை:
1.57.

பழையரீல்:
அப்ப படம் செகண்டுக்கு 24 பிரேம் (படச்சட்டம்) கணக்கு, துல்லியமா 23.976. சப்டைட்டில் ஐரோப்பிய டிவிடிக்குப் போட்டது, 25 பிரேம். அந்த டிவிடியில் படமே 4 சதவீதம் வேகமா ஓடி 1.52ல முடிஞ்சுடும். அதனால ஒரு மணி நேரத்துல உங்களுக்கு சப்டைட்டில் ரெண்டரை நிமிஷம் முந்தும். ஜி, ஹெச் கீ எல்லா வரியையும் ஒரே அளவு தள்ளும், அதனால தீராது. 'சப்டைட்டில் எடிட்'ங்கற (Subtitle Edit) சாஃப்ட்வேர் இலவசம். அதுல ஃபைலைத் திறந்து, பிரேம் ரேட் மாத்தற இடத்துல 25ல இருந்து 23.976ன்னு கொடுத்து வேற பேர்ல சேவ் பண்ணுங்க. கடைசிக் காட்சியைத் தள்ளிப் பார்க்காதீங்க, முடிவு தெரிஞ்சுடும். நடுவுல ஒரு இடம் சரியா இருந்தா போதும்.

இரவுப்பறவை:
மாத்திட்டேன். முதல் வரியில் ஒரு செகண்ட் பிசகு இருந்தது, ஹெச் அழுத்தினதும் நின்னுடுச்சு. ஒரு மணி நேரம் தாண்டியும் விலகல. அப்பா இப்ப "கொஞ்சம் நிறுத்து, அந்த நர்சரிப் பாட்டை மறுபடி படிக்கணும்"னு கேக்கறார். ரொம்ப நன்றிங்க, மீதியைப் பார்த்துட்டு வரேன்.