ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: மலைப் பாதைக்கும் ட்ராக்குக்கும் ஒரே சஸ்பென்ஷன் சரிவருமா?

தலவாக்கலை31
வணக்கம். என்னுடையது 31எஸ் மாடல் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கார். லோவரிங் ஸ்பிரிங் (குட்டை ஸ்பிரிங்) போட்டு வண்டியை ஒன்றரை அங்குலம் இறக்கியிருக்கிறேன், ஷொக் அப்சோர்பர் மட்டும் வண்டியோடு வந்ததுதான். தினமும் நுவரெலியாவுக்கு வேலைக்குப் போய்வருவதும் இதில்தான், களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை ரேஸ் ட்ராக்கில் நம் வண்டியை ஓட்ட ட்ராக் நாள் வைத்தால் அதற்கும் இதே வண்டி. வளைவில் பாதி தூரம் நன்றாகப் பிடித்துக்கொண்டு போகும், அப்புறம் சட்டென்று முன்பக்கம் வெளியே தள்ளும், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கேட்காது. முன் டயரில் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது. இன்னும் இறக்கி 8 கிலோ ஸ்பிரிங்கோடு (ஒரு மில்லிமீட்டர் அமுங்க 8 கிலோ பாரம் வேண்டும்) கொயிலோவர், அதாவது உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷொக் செட், போடச் சொல்கிறார்கள். அதோடு நானுஓயா பக்கம் செங்குத்தாக இறங்கும் ரதெல்ல குறுக்கு வீதியில் மழைக்கு இறங்கலாமா?

ஹட்டன்_கராஜ்
தம்பி, அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். பாதி வளைவில் சட்டென்று குணம் மாறினால் முதலில் பம்ப் ஸ்டொப்பைத்தான் (ஷொக் அமுங்கும்போது கடைசியில் முட்டி நிறுத்தும் ரப்பர்) பார்க்க வேண்டும். டஸ்ட் கவரை மேலே தள்ளிவிட்டு, ஷொக்கின் கம்பியில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி அடிவரை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது டை பம்ப் ஸ்டொப்போடு ஒட்டிக்கொண்டு நின்றால் விடை கிடைத்துவிட்டது: ஷொக் போக இடமில்லை, அந்த நொடியில் முன்பக்கம் கட்டைபோல் ஆகி டயர் வழுக்குகிறது.

இந்த வண்டிக்கு முன்னால் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. சமதரையில் நிறுத்திக் குனிந்து, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆமைப் பாருங்கள், சக்கரப் பக்க முனை உள் முனையைவிட மேலே நின்றால் ரோல் சென்டர் (வளைவில் வண்டி சாய்வதன் மையப் புள்ளி) அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று அர்த்தம். இறக்க இறக்க வண்டி கூடுதலாகச் சாயும், சாயும்போது தேவையான கேம்பரும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்பது) கிடைக்காது, வெளி ஓரம் தேய்வது அதனால்தான். முக்கால் அங்குலம் திரும்ப ஏற்றுங்கள். கேம்பர் போல்ட் போட்டு முன்னுக்கு மைனஸ் 2 டிகிரி, டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூச்சியம். கொயிலோவர்தான் வேண்டுமென்றால் 5 கிலோ போதும், நம் ரோட்டில் 8 கிலோ போட்டால் டயர் தரையில் நிற்காது.

பண்டாரவளை_ஈகே
பின்னுக்குத் தடித்த பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டாலும் தள்ளுவது குறையும் அண்ணே.

ஹட்டன்_கராஜ்
ட்ராக்கில் குறையும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஈர ரோட்டில் இறக்கத்தில் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்பக்கம் சுற்றிவிடும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு நான் போட மாட்டேன்.

பண்டாரவளை_ஈகே
அதுவும் சரிதான். டயர் காற்றையும் சொல்லிவிடுகிறேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே 12 டிகிரி குளிரில் 30 பிஎஸ்ஐ அடித்துக் களுத்துறைக்கு இறங்கினால், கீழே வளிமண்டல அழுத்தம் கூடுவதால் கேஜில் ஏறக்குறைய 3 குறையும், 30 டிகிரி வெக்கையில் அதே அளவு ஏறும், கடைசியில் குளிர்ந்த டயர் 30ஐ ஒட்டித்தான் காட்டும். கவனிக்க வேண்டியது திரும்பி வரும்போது. ட்ராக்கில் சூட்டோடு 32க்கு இறக்கிவிட்டு அப்படியே மலை ஏறினால் மறுநாள் காலை 27 அளவில்தான் நிற்கும். மழை ரோட்டுக்கு அது போதாது, டயர் ஆறியதும் அடித்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலை31
டை கட்டி ஓட்டினேன், பம்ப் ஸ்டொப்போடு ஒட்டியே நிற்கிறது. ஆமும் மேல்நோக்கித்தான் இருக்கிறது. உயரத்தையும் கேம்பரையும் ஒரே நாளில் மாற்றலாமா?

ஹட்டன்_கராஜ்
முதலில் உயரம். ஏற்றியதும் டோ மாறிவிடும், அலைன்மென்ட் பார்த்துவிட்டுக் கொஞ்ச நாள் ஓட்டுங்கள். கேம்பர் போல்ட் அதற்குப் பிறகு, போடும்போது லோவர் ஆமின் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.