உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் பாடினாரா? அயர்லாந்து மைதானங்களில் கீதமும் கொடியும் – அனுபவப் பகிர்வு

டார்ட்_பயணி

டப்ளின் அவீவா மைதானத்தில் ஆறு நாடுகள் ரக்பி போட்டி. ஆபீஸில் ஒருவருக்கு வர முடியாமல் போனதால் டிக்கெட் என் கைக்கு வந்தது. எனக்கு இடது பக்கம் வட அயர்லாந்தின் பாலிமீனாவிலிருந்து காலையிலேயே பஸ் பிடித்து வந்த ஒரு பெரியவர். வலது பக்கம் தெற்கே குடியரசின் லிமெரிக் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். இருவரும் ஒரே பச்சைச் சட்டை. உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் பெரியவர் அலுமினியத் தாளைப் பிரித்து எனக்குப் பாதி சாண்ட்விச் கொடுத்துவிட்டார்.

ரக்பியில் வடக்கும் தெற்கும் ஒரே அணி, அதனால் டப்ளினில் இரண்டு பாட்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் அவுரான் நா வீயன், ஐரிஷ் மொழியில் குடியரசின் கீதம். பெரியவர் எழுந்தார், தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். உதடு அசையவே இல்லை. வலது பக்கத்துப் பையன் கண்ணை மூடிக்கொண்டு கத்திப் பாடுகிறான். அது முடிந்ததும் இரு பக்கத்துக்கும் பொதுவான அணிப் பாட்டு, அயர்லாண்ட்ஸ் கால். இப்போது பெரியவரின் குரல் எழும்பியது பாருங்கள், அந்த உடம்பிலிருந்து அப்படியொரு குரல். பையன் போனை எடுத்து மெசேஜ் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் நான், இரண்டுக்கும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு.

அதோடு விட்டிருக்கலாம். இடைவேளையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "உங்களுக்கு ஐரிஷ் மொழி வராதா?" என்று கேட்டுவிட்டேன். சத்தியமாக மொழிப் பிரச்சினை என்றுதான் நினைத்தேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "எழுந்து நின்றேனே" என்றார். அவ்வளவுதான். இரண்டாம் பாதியிலும் சாண்ட்விச் வந்தது. ஆனால் பேச்சு மழையைப் பற்றியும் எம்1 சாலை நெரிசலைப் பற்றியும் மட்டும்தான்.

ஆட்டத்தின் ஸ்கோர் மறந்துவிட்டது. அந்த "எழுந்து நின்றேனே" மறக்கவில்லை.

கார்க்_செவிலி

அயர்லாண்ட்ஸ் காலை இவ்வளவு உருகிப் பாடும் ஒருவரை நான் இன்னும் பார்த்ததில்லை! எங்கள் வார்டில் யாரைக் கேட்டாலும், 1995 உலகக் கோப்பைக்காக ஃபில் கோல்டரிடம் சொல்லி எழுதி வாங்கிய விளம்பரப் பாட்டு என்பார்கள். "தோளோடு தோள்" வரும்போது மட்டும் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள்.

என் கதை வேறு. இடுப்பு எலும்பு மாற்று அறுவை முடிந்த ஒரு விவசாயி, ஆயுள் முழுக்க ஜிஏஏ (கேலிக் கால்பந்து, ஹர்லிங் ஆகிய ஐரிஷ் ஆட்டங்களின் சங்கம்) ஆள். டிவியில் ஜிஏஏவின் டப்ளின் தலைமை மைதானமான குரோக் பார்க்கில் 2007இல் நடந்த ரக்பி ஆட்டத்தின் மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து ஆட்டம்தான், வேறெது. நான் கையில் பிபி பட்டையைக் கட்டிவிட்டேன். காட் சேவ் தி குவீன் தொடங்கியது. மனிதர் மூச்சே விடவில்லை. அன்று தானும் அங்கே இருந்ததாகச் சொன்னார். 1920இல் அதே மைதானத்தில் பிரிட்டிஷ் படை சுட்டு 14 பேர் செத்தார்கள், அதில் ஒருவர் மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரர், அவர் பெயரில்தான் அங்கே ஒரு ஸ்டாண்ட். அந்த ஸ்டாண்டுக்கு எதிரே அந்தக் கீதம் ஒலிக்கும்போது யாராவது ஒருத்தன் கூச்சல் போட்டுவிடுவானோ என்றுதான் பயந்தாராம். ஒருவரும் போடவில்லை. அடுத்து அயர்லாந்தின் கீதம். திரையில் அந்த மலைபோன்ற ஜான் ஹேஸ் அழுகிறார், கட்டிலில் இவரும் அழுகிறார், என் மெஷினில் மேல் எண் 170ஐத் தாண்டுகிறது.

"பாட்டு முடியட்டும் சிஸ்டர், அப்புறம் எடுங்கள்" என்றார். முடிந்து எடுத்தேன், 140. இரண்டாவதைத்தான் சார்ட்டில் எழுதினேன். அது சரியா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஆக, பாடாமல் நிற்பதும் மரியாதைதான். அந்தப் பெரியவரிடம் கேட்டதற்காக நீங்கள் ரொம்ப வருந்த வேண்டாம்.

லகான்_கரை

கார்க்கில் இருந்துகொண்டு மரியாதை என்று சொல்வது சுலபம். 2007இல் இன்னொரு ஆட்டமும் நடந்தது, அதை யாரும் மறுஒளிபரப்பு செய்வதில்லை. ஆகஸ்டில், உலகக் கோப்பைக்கு முன், பெல்ஃபாஸ்ட் ரேவன்ஹில் மைதானத்தில் இத்தாலியுடன். 1954க்குப் பிறகு அயர்லாந்து ஆண்கள் அணி அங்கே ஆடியது அன்றுதான். டப்ளினில் ஆடும்போது அந்த மண்ணின் கீதம் ஒலிக்கிறதே, அப்படியானால் பெல்ஃபாஸ்டில் எங்கள் காட் சேவ் தி குவீன் எங்கே என்று இங்குள்ள யூனியனிஸ்டுகள் (பிரிட்டனோடு இருக்க விரும்புகிறவர்கள்) கேட்டார்கள். கிடைக்கவில்லை. அயர்லாண்ட்ஸ் கால் மட்டும். நீங்கள் விளம்பரப் பாட்டு என்று சிரிப்பது பாலிமீனா பெரியவருக்குக் கையில் இருக்கும் ஒரே பாட்டு.

சரி, என் கதை. கிழக்கு பெல்ஃபாஸ்ட் பக்கம் புதிதாகக் குடிவந்த சமயம். மகனுக்கு எங்கள் மாகாண அணியான அல்ஸ்டர் ரக்பி என்றால் உயிர். ஆட்டத்தன்று ஜன்னலில் தொங்கவிட ஆன்லைனில் "அல்ஸ்டர் கொடி" என்று தேடி, சிவப்புச் சிலுவையும் நடுவில் சிவப்புக் கையும் உள்ள ஒன்றை வாங்கினேன். மாடி ஜன்னலில் மாட்டினேன்.

காலையில் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது எதிர்வீட்டுக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மூன்று மாதமாக என் முகத்தையே பார்க்காத மனிதர். எனக்கு ஒரே சந்தோஷம். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா மணி அடித்தார். பாத்திரம் கழுவுகிற ரப்பர் உறை கையில் அப்படியே இருந்தது, நீர் சொட்டியது. "கண்ணா, நீ எதையாவது சொல்ல வருகிறாயா?" என்றார். ரக்பி என்றேன். ஈர உறை போட்ட விரலால் மேலே காட்டி, "அதில் கிரீடம் இருக்கிறது பார்" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. ரக்பிக்காரர்கள் பிடிப்பது எல்லைக்கு இருபுறமும் உள்ள ஒன்பது மாவட்ட அல்ஸ்டர் மாகாணத்தின் கொடி, மஞ்சள் தரை. நான் மாட்டியது வெள்ளைத் தரை, கைக்குப் பின்னால் ஆறு முனை நட்சத்திரம், மேலே கிரீடம். 1953 முதல் 1972 வரை வட அயர்லாந்து அரசின் கொடி. இன்று சட்டப்படி அதற்கு எந்த இடமும் இல்லை. ஆனால் காமன்வெல்த் விளையாட்டில் வட அயர்லாந்துக்கு அதுதான், கால்பந்திலும் அதுதான். அதே சிவப்புக் கை டைரோன் மாவட்டக் கேலிக் கால்பந்து அணியின் சட்டையிலும் இருக்கிறது. ஒரு கை, இரண்டு ஊர், நான் என்ன கண்டேன்?

கொடி தப்பு என்பதைக் காட்டிலும் என்னை அரிப்பது அந்தக் கட்டை விரல்தான்.

ஃபாயில்_பாலம்

டெர்ரியில் ஒரு பப். (லண்டன்டெர்ரி என்னாமல் டெர்ரி என்றதற்கே பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், தெரியும்.) டிவியில் வட அயர்லாந்து கால்பந்து. காட் சேவ் தி கிங் வரும் நேரம் பார்மேன் ரிமோட்டை எடுத்து ஒலியை அணைத்தார். முடிந்ததும் திரும்ப வைத்தார். குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. ஈ ஓட்டுவதுபோல அவ்வளவு சாதாரணமாக நடந்தது. நான் மட்டும்தான் பார்த்தேன் போல.

வல்வை_மைந்தன்

நான் சாண்ட்விச் பெரியவரின் பக்கம். கார்க் அக்கா சொல்வதுபோல் அது மரியாதை மட்டும் இல்லை. எழும்பி நிற்கிறது மற்றவனுக்காக, வாயை மூடுகிறது தனக்காக.

கொழும்பில் ஒரு ஒருநாள் ஆட்டம், பிரேமதாச மைதானம். கீதம் சிங்களத்தில் போகிறது. நான் எழும்பி நின்றேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி என் வாயையே பார்த்தார், பாட்டு முடியும் மட்டும். நல்லவேளை அவர் "சிங்களம் தெரியாதா" என்று கேட்கவில்லை. தெரியும், வடிவாத் தெரியும்.

எங்கட கீதத்துக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது, ஊரில் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் பாடினோம். 2016 சுதந்திர தின அரச விழாவில் அதைப் பாட வைத்தார்கள், 2020இல் விட்டுவிட்டார்கள். ஒரே மெட்டு, ஒரே பொருள். அப்படி இருந்தும் இந்தப் பாடு.

பிறகு இங்கே வந்தாச்சு. 2022 டி20 உலகக் கோப்பை, ஹோபார்ட்டில் இலங்கையும் அயர்லாந்தும். கிரிக்கெட்டிலும் வடக்கு தெற்கு இரண்டும் ஒரே அணி, அதனால் அங்கேயும் அயர்லாண்ட்ஸ் கால்தான். நான் சோபாவில். இரண்டு பாட்டும் போனது. டப்ளினில் பிறந்த என் மகள் கேட்டாள், "அப்பா, நீங்கள் எந்தப் பாட்டுக்கு எழும்புவீங்கள்?" தேத்தண்ணி ஆறுது என்று சொல்லிச் சமாளித்தேன். இலங்கை ஒன்பது விக்கெட்டில் வென்றது. அதற்கும் நான் எழும்பவில்லை.

கோச்_அப்பா

எல்லோரும் ஏன் இவ்வளவு குழப்பிக்கொள்கிறீர்கள் என்று புரியவில்லை. என் பெண் எங்கள் பக்கத்து ஜிஏஏ கிளப்பில் ஆடுகிறாள். ஒரு இறுதி ஆட்டத்தில் கீதத்துக்கு எல்லாக் குழந்தைகளும் கொடிப் பக்கம் திரும்ப, இவள் மட்டும் கேமரா வைத்திருந்த என்னைப் பார்த்து நின்றாள். கோச் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அவ்வளவுதான் என் கதை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஜிஏஏ மைதானத்தில் கீதம் வந்தால் எழுந்து நில்லுங்கள், தொப்பியை எடுங்கள், பர்கரைக் கீழே வையுங்கள். கடைசி வரி முடிவதற்கு முன்பே கூட்டம் கத்த ஆரம்பித்துவிடும், அதை அவமரியாதை என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவரை முறைக்காதீர்கள், அவர்கள் வழக்கமே அப்படித்தான். நவம்பரில் சிவப்பு பாப்பிப் பூவை (போரில் இறந்த பிரிட்டிஷ் படையினர் நினைவாக அணிவது) யாராவது நீட்டினால், எந்த ஊரில் நிற்கிறோம் என்று ஒருமுறை யோசித்துவிட்டுக் குத்துங்கள். கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்லீன் அதைச் சட்டையில் அணிய மறுத்து இங்கிலாந்தில் ஆண்டாண்டாக வாங்கிய வசையை நினைத்துப் பாருங்கள், அவர் டெர்ரிக்காரர். பிள்ளைகளுக்கு கிளாஸ்கோ அணிகளின் சட்டையைத் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று வாங்கிப் போடாதீர்கள், செல்டிக்கோ ரேஞ்சர்ஸோ எதுவானாலும், கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்ற அடையாளமாகிவிடும். குடியரசைத் "தென் அயர்லாந்து" என்று சொல்லாதீர்கள். பொருள் தெரியாத பாட்டைக் கூட்டத்தோடு சேர்ந்து பாடாதீர்கள். 2022 அக்டோபரில் குடியரசின் பெண்கள் கால்பந்து அணி ஸ்காட்லாந்தை வென்று முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. உடைமாற்றும் அறையில் ஐஆர்ஏவை (பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய அமைப்பு) புகழும் ஒரு வரியைப் பாடி, வீடியோ வெளியே வந்து, மறுநாள் மன்னிப்புக் கேட்டார்கள். சங்கத்துக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ 20,000 யூரோ அபராதம் போட்டது. அவ்வளவு பெரிய வெற்றி, பேச்செல்லாம் அந்தப் பாட்டைப் பற்றி. அப்புறம் முக்கியமாக, பிள்ளைகளை ஜிஏஏவில் சேருங்கள். ரக்பி பணக்காரர் ஆட்டம், செலவு அதிகம். ஹெல்மெட் மட்டும் நல்லதாக வாங்குங்கள், ஹர்லிங்கில் மட்டை எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

டார்ட்_பயணி

ஹெல்மெட்டுக்கு நன்றி. நான் கேட்டது அதுவல்ல.

@வல்வை, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்று இரவு வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். 1987 ஏப்ரலில் எல்லைக்கு அருகே ஐஆர்ஏ வைத்த குண்டில் ஒரு நீதிபதியும் அவர் மனைவியும் இறந்தார்கள். எதிர்த்திசையில் ஒரு காரில் மூன்று அல்ஸ்டர் ரக்பி வீரர்கள், அயர்லாந்து அணியின் பயிற்சிக்காக டப்ளின் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் நைஜல் கார் என்பவரால் அதற்குப் பிறகு ஆடவே முடியவில்லை. அடுத்த மாதம்தான் ரக்பியின் முதலாவது உலகக் கோப்பை. எந்தக் கீதத்தைப் போடுவது என்று தெரியாமல் ரோஸ் ஆஃப் டிராலி என்ற காதல் பாட்டைக் கேசட்டில் போட்டார்களாம்.

பாலிமீனா பெரியவருக்கு அப்போது என் வயது இருந்திருக்கும். நான் அவரிடம் ஐரிஷ் வருமா என்று கேட்டிருக்கிறேன்.

கோச்_அப்பா

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், ஒரு நாட்டில் வாழ்ந்தால் அந்த நாட்டுக் கீதத்தைப் பாடுவதில் என்ன கஷ்டம்?

ஃபாயில்_பாலம்

எந்த நாட்டில்?

லகான்_கரை

பாலம் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் நீட்டுகிறேன். 1998 ஒப்பந்தப்படி இங்கே பிறந்தவர் ஐரிஷ் என்று சொல்லிக்கொள்ளலாம், பிரிட்டிஷ் என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டும் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் இரண்டு பாஸ்போர்ட் கிடைக்கும். ஆனால் மைதானத்தில் பாட்டு ஒன்றுதானே ஒலிக்க முடியும். நீல் லெனன் வட அயர்லாந்துக்கு 40 ஆட்டம் ஆடியவர், கத்தோலிக்கர், செல்டிக் ஆட்டக்காரர். 2002இல் கொலை மிரட்டல் வந்து, அதோடு நாட்டுக்காக ஆடுவதையே விட்டுவிட்டார். அவருக்குக் கீதம் பாடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்களா? மறுபக்கம் குத்துச்சண்டைக்காரர் வேய்ன் மெக்கல்லா, பெல்ஃபாஸ்டில் யூனியனிஸ்டுகள் வாழும் ஷாங்கில் சாலைப் பையன், 1988 சோல் ஒலிம்பிக்கில் அயர்லாந்தின் மூவர்ணக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் பிறந்த தெருவில் அது என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள், ரப்பர் உறையைக் கழற்றாமலே ஒரு மணி நேரம் சொல்வார்.

கார்க்_செவிலி

@லகான், நான் சிரித்தது பாட்டைப் பார்த்துத்தான், பெரியவரைப் பார்த்து இல்லை. இருந்தாலும் நீங்கள் சொன்னது உறைத்தது. அந்தக் கொடி என்ன ஆயிற்று? சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

லகான்_கரை

அன்றே கழற்றிவிட்டேன். மகன் அழுதான், ஆட்டத்துக்கு முன்பே ஏன் எடுக்கிறாய் என்று. அடுத்த வாரம் மஞ்சள் கொடி வந்தது, அதை மாட்டினோம். பழையது சாக்ஸ் டிராயரில் கிடக்கிறது. தூக்கிப் போடவும் பயம், குப்பைத் தொட்டியில் யாராவது பார்த்தால் அதற்கு வேறு அர்த்தம் வரும்.

எதிர்வீட்டுக்காரர் மறுபடி என் முகத்தைப் பார்ப்பதில்லை.