செல்லர் ஐடி (அமேசான் மாதிரி மார்க்கெட்பிளேஸ் சைட்ல விக்கிறவங்க ஒவ்வொருத்தருக்கும் குடுக்குற அடையாளக் குறியீடு) வெச்சு உங்ககிட்ட யாராவது பேசினாங்களா? நடந்தத எழுதுங்க

போன வாரம் ஒரு கால், மார்க்கெட்பிளேஸ் சப்போர்ட்ல இருந்து பேசுறோம், உங்க அக்கவுண்ட் சஸ்பெண்ட் ஆகப்போகுது, செல்லர் ஐடி இதுதானேன்னு ஒரு எழுத்து விடாம கடகடன்னு வாசிக்கிறார். பக்கத்துல இருந்த தங்கச்சி பயந்துட்டா, "அண்ணா, ஐடிய கரெக்டா சொல்றாங்களே, உண்மையா இருக்குமோ"ங்கிறா. நான் எங்க கடைப் பக்கத்த திறந்து மேல இருக்குற லிங்க்க காட்டினேன், அதுலயே அந்த ஐடி அப்படியே இருக்கு, யார் வேணா பாத்து வாசிக்கலாம். அவர் அடுத்து ஓடிபி கேட்டார், கட் பண்ணிட்டேன்.

அமேசான்ல மெர்ச்சன்ட் டோக்கன்னு ஒன்னு போட்டிருக்கும், அதுவும் இதே செல்லர் ஐடி தாங்க. அத பொத்திப் பொத்தி வெச்சுக்கிறவங்க பாஸ்வேர்ட மட்டும் சாஃப்ட்வேர்காரங்களுக்கு சாதாரணமா அனுப்புறாங்க, பாக்கவே பதறுது. தயவுசெஞ்சு அனுப்பாதீங்க, அவங்க சாஃப்ட்வேர உங்க லாகின்ல இருந்து ஆத்தரைஸ் பண்ணி அனுமதி குடுத்தாலே போதும். அப்ப வர்ற ரிஃப்ரெஷ் டோக்கன், அதாவது பாஸ்வேர்ட் இல்லாமலே அந்த சாஃப்ட்வேர் உங்க அக்கவுண்ட் டேட்டாவ எடுக்க உதவுற சாவி, அதுவும் வெளிய போகக்கூடாது.

——

எனக்கு வேற மாதிரி. ஸ்டாக் பாக்குற சாஃப்ட்வேர் கனெக்ட் ஆகி பச்ச டிக்கும் வந்துருச்சு ஆனா ஆர்டர் ஒன்னுகூட இறங்கல, சப்போர்ட்ல செல்லர் ஐடிய செக் பண்ணுங்கன்னே திரும்பத் திரும்ப சொல்றாங்க, அது சரியா தான் இருக்கு. கடைசில பாத்தா மார்க்கெட்பிளேஸ் ஐடி டீஃபால்ட்டா அமெரிக்கான்னு கெடக்கு. செல்லர் ஐடி நம்மளோடது, மார்க்கெட்பிளேஸ் ஐடி அந்த நாட்டு சைட்டோடது, அங்க விக்கிற எல்லாருக்கும் ஒன்னே தான். அமேசான்ல அமெரிக்காவுக்கு ஏடிவிபின்னு ஆரம்பிக்கும், இந்தியாவுக்கு ஏ21. ரெண்டுமே நீளமா இருக்குறதால கண்ணுக்கு ஒன்னு போலவே தெரியும், மொத மூனு நாலு எழுத்த பாத்து பழகிக்கோங்க.

——

எங்க கடை பேரையும் போட்டோவையும் அப்படியே காப்பி அடிச்சு ஒருத்தர் கடை போட்டுட்டார். கஸ்டமர் திட்டுறது எங்கள. மார்க்கெட்பிளேஸ்ல கடை பேர எழுதி கம்ப்ளைன்ட் குடுத்தா எந்தக் கடைன்னே அவங்களுக்குப் புரியல, ரெண்டு பேரும் ஒரே பேர் தானே. அப்புறம் எங்க செல்லர் ஐடி இது, அந்த ஆளோட ஐடி இதுன்னு தனித்தனியா லிங்க்கோட எழுதினோம், அதுக்கப்புறம் தான் வேலை நகர்ந்துச்சு. டிஸ்ப்ளே பேர நாமளே மாத்திக்கலாம், ஐடிய மாத்த முடியாது, அதனால கம்ப்ளைன்ட்ல மொத வரியிலயே ஐடிய போட்டுருங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது அட்ரஸ் பாரும் சேந்து வரட்டும், அத வெட்டிட்டு அனுப்பினா பிரயோஜனமே இல்ல.