வெங்காயத் தாள் வெளுத்து மடிகிறது, என்ன பூச்சி? (உதவி தேவை)

விசுவமடு வளவு:
வணக்கம். கிணற்றடியில் இரண்டு பாத்தி சின்ன வெங்காயம் நட்டிருக்கிறேன், ஒரு மாதப் பயிர். மாரி விட்டு வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து தாள்கள் வெளுத்து நுனி கருகுகின்றன. சில தாள்கள் நடுவில் மடிந்து தொங்குகின்றன. தண்ணீருக்குக் குறைவில்லை. கடையில் சொன்னதும், என்ன பூச்சி என்று கேட்காமலே ஒரு மருந்துப் போத்தலை எடுத்துத் தந்தார்கள். பிள்ளைகள் வறைக்குத் தாள் உடைக்கிற பாத்தி இது, அடிக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

வட்டக்கச்சிக் கமக்காரன்:
தங்கச்சி, போத்தலை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். வெளுப்பு எல்லாம் ஒன்றல்ல. தாளின் மேல் தோலில் வெள்ளி நிறத்தில் சின்னச் சின்னக் கீறலாக இருந்தால் பனிப்பூச்சி. தாளின் ஒரு பக்கம் எண்ணெய்க் கடதாசி மாதிரி ஊடே வெளிச்சம் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. மடிந்த தாள் ஒன்றை நகத்தால் நீளத்துக்குக் கிழித்துப் பாருங்கள். அப்புறம் இன்னொரு செடியைச் சரித்து, வெள்ளைக் கடதாசியின் மேல் தட்டிப் பாருங்கள்.

விசுவமடு வளவு:
கிழித்தேன் அண்ணை. உள்ளே பச்சைப் புழு, அரை அங்குலம் இருக்கும். சதையெல்லாம் தின்று தோலை மட்டும் விட்டிருக்கிறது, கரும்பச்சை எச்சம் ஈரமாக ஒட்டிக் கிடக்கிறது. கடதாசியில் தட்டினால் மஞ்சளாக ஊசிமுனை அளவில் ஏதோ ஊர்கிறது. அப்போ இரண்டுமா?

வட்டக்கச்சிக் கமக்காரன்:
இரண்டும்தான். வெயில் காலத்தில் சேர்ந்தே வரும்.

முதலில் புழு. உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் அதை நன்றாகத் தொடாது, வெங்காயத் தாளின் மெழுகில் தண்ணீர் வழிந்தோடிவிடும். இரண்டு பாத்திதானே, கைதான் நல்ல மருந்து. ஊடுதெரிகிற தாள்களைக் கிள்ளி, புழுவோடு நசுக்குங்கள் அல்லது சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். பாத்தி ஓரத்தில் எறிந்தால் திரும்ப ஏறிவிடும். இந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இட்டு, பஞ்சு போன்ற மயிரால் மூடியிருக்கும். தாளில் அப்படி வெள்ளைப் பொட்டு கண்டால் அந்த இடத்தையே கிள்ளிவிடுங்கள். ஒரு குவியல் போனால் பெருந்தொகைப் புழு போன மாதிரி. புழு ஒரு தாளை விட்டு அடுத்ததற்கு இரவில்தான் மாறும், டோர்ச் அடித்துப் பார்த்தால் வெளியே அகப்படும். பக்கத்தில் முள்ளுக்கீரை முளைத்திருந்தால் பிடுங்குங்கள், அதிலும் இந்தப் புழு வளரும்.

பனிப்பூச்சி ஒரு மில்லிமீற்றர்தான் இருக்கும். நடுத்தாள்கள் பிரிகிற இடுக்கில் ஒளிந்து, தோலைச் சுரண்டிச் சாறு குடிக்கும். மழை அதைக் கழுவிவிடும், மழையில்லாத வெயில் நாளில்தான் பெருகும். அதனால் காலையில் தண்ணீரை மேலிருந்து இடுக்கில் படும்படி தூவுங்கள். மாலையில் தூவினால் தாள் இரவெல்லாம் ஈரமாக இருந்து பங்கசு (பூஞ்சணம்) வரும். சுரண்டிய காயத்தில் ஊதாப் புள்ளி நோய் இன்னும் எளிதாகத் தொற்றும்.

நெடுங்கேணி அக்கா:
நாங்கள் விறகடுப்புச் சாம்பலைத் தூவுவோம், தங்கச்சி. செலவில்லை.

வட்டக்கச்சிக் கமக்காரன்:
அக்கா, சாம்பல் மேலேதான் நிற்கும், இடுக்குக்குப் போகாது. தண்ணீர் பட்டதும் கழுவுப்பட்டுவிடும். அதைவிட வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. கொட்டையின் காய்ந்த பருப்பு 50 கிராமை இடித்து, 1 லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துவிடுங்கள். சவர்க்காரம் சேர்த்தால்தான் மெழுகுத் தாளில் ஒட்டும். வெயிலில் வேம்பின் வீரியம் கெடும், வெயில் தணிந்ததும், இரவுக்கு முன் தாள் காய்ந்துவிடும்படி அடியுங்கள். பனிப்பூச்சி முட்டை தாளுக்குள் இருப்பதால் ஒரு தடவையில் முடியாது, கிழமைக்கு ஒன்றாகத் திரும்ப அடிக்க வேண்டும். புழுவுக்கும், அது சின்னதாக வெளியே இருக்கும்போதுதான் இந்தக் கரைசல் வேலை செய்யும்.

விசுவமடு வளவு:
சரி அண்ணை, இன்றிரவே டோர்ச்சோடு பார்க்கிறேன். வறைக்குத் தாள் உடைக்கலாமா? கடைப் போத்தலை என்ன செய்வது?

வட்டக்கச்சிக் கமக்காரன்:
வேப்பங்கொட்டை அடித்த தாளை ஓரிரு நாள் விட்டு, நன்றாகக் கழுவிச் சமைக்கலாம். கசக்கும் என்றால் அடிப்பதற்கு முன் உடைத்துவிடுங்கள். புழு இருந்த தாள் வேண்டாம். போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். அதன் லேபிளில் எந்தப் பூச்சிக்கு, அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை என்று இருக்கும். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு புழுத்தாளோடு காட்டிக் கேளுங்கள். போக முடியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பனிப்பூச்சி அதற்குப் பழகிவிடும், கேட்காமல் அடிக்க வேண்டாம். கிழங்கு திரண்டு தாள் தானாகச் சாயத் தொடங்கினால் எதுவும் அடிக்கத் தேவையில்லை.